இருபத்து மூன்று நிமிடம்



மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் பலர் ஒரே பிழையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மருத்துவமனைக்கோ பேருந்துக்கோ ஒரு முன்பதிவு நிரல் எழுதியிருப்பார்கள். மொழி பைத்தான். இந்திய நேரம் வேண்டும் என்பதற்காக ‘ஏசியா/கொல்கத்தா’ என்று கொடுத்திருப்பார்கள். ஒருவர் காலை 10 மணிக்குப் பதிவு செய்கிறார். பட்டியலில் பார்த்தால் 9:37 என்று நிற்கிறது. ஐந்தரை மணி நேரம் பிசகினால் கிரீன்விச் நேரத்தை நம் நேரமாக மாற்ற மறந்துவிட்டோம் என்று உடனே பிடிபடும். இது 23 நிமிடம். எந்தக் கணக்கிலும் சேராத 23 நிமிடம்.

காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பைத்தானில் வெகுகாலம் புழங்கிய ஒரு நேர மண்டலத் தொகுப்பு இருக்கிறது. அதை உரிய முறையில் அழைக்காமல் நேரடியாகக் கொடுத்தால், அந்த ஊரின் நேர வரலாற்றில் உள்ள முதல் வரியை எடுத்துக்கொள்ளும். கொல்கத்தாவுக்கு முதல் வரி 5 மணி 53 நிமிடம் 28 விநாடி. அது 1854-க்கு முந்தைய கல்கத்தாவின் உள்ளூர் நேரம். ஐந்தரையிலிருந்து அதற்குள்ள வித்தியாசம்தான் அந்த 23 நிமிடம். இன்றைக்குப் பதிவு செய்த நோயாளியைக் கணினி கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

பிழையைத் திருத்துவது ஒரு வரி வேலை. திருத்திய கையோடு அந்தப் பிள்ளைகளை நான் போகவிடுவதில்லை. அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறதோ அதைத் திறந்து காட்டுவேன். இன்றைய பேச்சு அந்தக் கோப்பைப் பற்றியதுதான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, வங்கிக் கணினி, விமான நிலையத்துப் பலகை என்று அநேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உலகத்தில் எந்த ஊரில், எந்த நாளில், கடிகாரம் என்ன காட்டியது என்பதற்கான பதிவேடு அது. நேர மண்டலத் தரவுத்தளம் என்பார்கள். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், ஜாவா, பெரும்பாலான தரவுத்தள மென்பொருள்கள் அதைத்தான் படிக்கின்றன. விண்டோஸ் மட்டும் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

கோப்பு என்றதும் சங்கேத எண்களாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். ஆசியாவுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். ஆசியக் கோப்பில் கொல்கத்தா வரிகளைப் பாருங்கள். 1854 வரைக்கும் நான் சொன்ன 5:53:28. பிறகு 1870 வரைக்கும் 5:53:20. அதற்கடுத்த வரிதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும்: 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, 1906 ஜனவரி 1 வரை. பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது. மெட்ராஸ் நேரம்.

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் வானாய்வுக்கூடம் கட்டியது. தொலைநோக்கிக் கருவியைத் தாங்குவதற்கு நிறுத்திய கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் பொறித்த எழுத்துகளோடு, வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரம்தான் மெட்ராஸ் நேரம். ரயில் வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. பம்பாய்க் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். கல்கத்தா 5 மணி 53. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. எந்த நேரத்தை வைத்து ரயில் அட்டவணை அச்சிடுவது? மெட்ராஸ் ஏறக்குறைய நடுவில் இருந்தது, வானாய்வுக்கூடமும் இருந்தது. தந்திக் கம்பி வழியே இங்கிருந்து நேரம் போனது. இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. அதன் பிறகும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 1955 வரை.

இந்தக் கோப்பில் கொல்கத்தாவின் பெயரில் 36 வருஷம் மெட்ராஸ் நேரம் குடியிருக்கிறது. இன்றைக்கு ஒரு கணினியிடம் 1890-ல் இந்தியாவுக்கு என்ன நேரம் என்று கேட்டால், அது நுங்கம்பாக்கத்துத் தூணின் நேரத்தைச் சொல்லும். எனக்கு இதில் பெரிய சந்தோஷம். சென்னைக்காரன் என்ற பெருமை கொஞ்சம் இருக்கட்டும். அதைவிட, இந்த வரியை யாரோ சம்பளம் இல்லாமல் தேடிக் கண்டுபிடித்து, சரிபார்த்து, எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிது.

யார் அவர்கள்? ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் அமெரிக்காவில் மேரிலாந்தில், அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்தார். 1980-களின் நடுவில் சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைக்கும் கோடைகால நேரத்தை யூனிக்ஸ் கணினிகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து, பிறகு பொறுப்பையும் ஏற்று நடத்துகிறவர் பால் எக்கர்ட். லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் கணினி ஆசிரியர். மற்றவர்கள் உலகெங்கும் இருக்கிற ஆர்வலர்கள். ஊர் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த அறிவிப்பு, அரசிதழின் ஒரு பக்கம், பழைய ரயில்வே கால அட்டவணை என்று கிடைத்ததை அனுப்புவார்கள். அதை வைத்து வாதாடுவார்கள். வெளியே இருந்து கேட்டால் வேலை இல்லாதவர்கள் பேசும் பேச்சுபோல இருக்கும். 1940-ல் ஒரு தீவில் எந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைத் திருப்பினார்கள் என்பதற்கு இரண்டு பேர் நாள்கணக்கில் மாறி மாறி எழுதுவார்கள். அந்தப் பேச்சின் மேல்தான் உலகத்துக் கடிகாரங்கள் ஓடுகின்றன. நான் மிகைப்படுத்தவில்லை.

மண்டலங்களுக்குப் பெயர் வைத்ததிலேயே அவர்களுடைய நிதானம் தெரியும். நாட்டின் பெயரை வைக்கவில்லை. ஊரின் பெயரை வைத்தார்கள். நாடு பிரியும், சேரும், எல்லை மாறும். ஊர் அநேகமாக அங்கேயே இருக்கும். ஊரும் பெயர் மாறும்தான். கல்கத்தா கொல்கத்தா ஆனது. 2022-ல் உக்ரைன் தலைநகரின் பெயரையும் அந்த நாட்டு உச்சரிப்புப்படி மாற்றினார்கள். ஆனால் பழைய பெயரை அழிப்பதில்லை. பழைய நிரல் ஒன்று ‘ஏசியா/கல்கத்தா’ என்று கேட்டால் இன்றைக்கும் பதில் வரும். பழையதை உடைக்காமல் புதியதைச் சேர்ப்பது கணினி வேலையிலேயே கடினமான ஒழுக்கம். பெரிய பெரிய நிறுவனங்களுக்குக் கைவராதது இவர்களுக்கு வருகிறது.

அரசாங்கங்கள் இவர்களைப் படுத்துகிற பாட்டையும் சொல்ல வேண்டும். சமோவா தீவு 2011 டிசம்பரில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியது. வியாழக்கிழமை 29-ஆம் தேதி இரவு தூங்கியவர்கள் எழுந்தபோது சனிக்கிழமை 31. வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளே அந்த ஊரில் வரவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வியாபாரம் செய்ய வாரத்தில் ஒரே நாட்கள் வேண்டும் என்பது காரணம். அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. மொராக்கோவோ 2018 அக்டோபரில், கடிகாரத்தைப் பின்னால் திருப்ப வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால், இனித் திருப்பவே போவதில்லை என்று அறிவித்தது.

எல்லாவற்றையும் மிஞ்சியது லெபனான். 2023 மார்ச் 25-ஆம் தேதி நள்ளிரவில் அங்கே கோடைகால நேரம் தொடங்க வேண்டும். மார்ச் 23, வியாழக்கிழமை, ரமலான் நோன்பு தொடங்கிய நாள். அன்றைக்குப் பிரதமர் நஜீப் மிகாத்தி, மாற்றத்தை ஏப்ரல் 20 வரைக்கும் தள்ளிவைப்பதாக அறிவித்தார். நோன்பு திறக்கும் வேளை ஒரு மணி நேரம் முன்னால் வரட்டும் என்பது எல்லோருக்கும் புரிந்த காரணம். கிறிஸ்தவர்களின் மரோனைட் திருச்சபை ஏற்க மறுத்தது. சில பள்ளிகளும் தொலைக்காட்சிகளும் மறுத்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே நாட்டில் இரண்டு நேரம். எந்த நேரத்துக்குக் கடையைத் திறக்கிறாய் என்பதை வைத்தே நீ யார் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை. ஏற்கெனவே உள்நாட்டுப் போரைப் பார்த்த நாடு அது.

இப்போது எக்கர்ட்டின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அரசு அறிவித்துவிட்டது, அன்றைக்கே ‘2023பி’ என்ற பதிப்பை வெளியிட்டார்கள். ஆனால் ஒரு பதிப்பு வெளிவந்தால் அது கைபேசித் தயாரிப்பாளரிடம் போய், அங்கிருந்து உங்கள் கைக்கு வர நாளாகும், வாரமாகும். அதனால் லெபனானில் பல கைபேசிகள் பழைய விதிப்படி தாமாகவே ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டன. அரசின் நேரத்தைக் கடைப்பிடிக்க நினைத்தவர்களின் கைபேசியும் எதிர்த் தரப்பின் நேரத்தைக் காட்டியது. திங்கட்கிழமை அமைச்சரவை கூடி, பிரதமரின் முடிவை வாபஸ் வாங்கியது. மறுநாள், 28-ஆம் தேதி, ‘2023சி’ வந்தது. அதில் இருந்தது லெபனான் அறிவிப்புக்கு முந்தைய பதிப்பின் தரவுதான். நேர விதிகளில் ஓர் எண்கூட மாறவில்லை. அதாவது உலகத்துக் கணினிகளைப் பொறுத்தவரை அந்த நான்கு நாள் குழப்பம் நடக்கவே இல்லை. பதிவேட்டின்படி லெபனான் வழக்கம்போல் மார்ச் 26-லேயே நேரத்தை மாற்றிக்கொண்டது.

இது சரியா என்று கேட்பீர்கள். சரியென்றே நினைக்கிறேன். இரண்டாகப் பிளந்து நிற்கிற ஊருக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டுமென்றால், பெரும்பாலானவர்களின் கடிகாரம் என்ன காட்டியதோ அதைத்தான் எழுத முடியும். நேரத்தைச் சட்டம் அறிவிக்கும். ஆனால் மக்கள் அதைக் கைக்கொண்டால்தான் அது நேரம். இந்தப் பதிவேட்டின் கொள்கையும் அதுதான். அரசாணையை அப்படியே நகலெடுக்காமல், நடைமுறையில் கடிகாரம் எப்படி ஓடியது என்று பார்க்கிறார்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1996-ல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, மே 25-ஆம் தேதி இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. ஐந்தரை, ஆறரை ஆனது. அக்டோபரில் அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். அது பத்து வருஷத்துக்கு நிலைத்தது. 2006-ல் சித்திரைப் புத்தாண்டு கழிந்த நள்ளிரவில், ஏப்ரல் 15 தொடங்கும்போது, மறுபடி ஐந்தரைக்கு வந்தார்கள். இடைப்பட்ட காலம் முழுவதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே கடிகாரம் ஐந்தரையிலேயே நின்றது. போர் நிறுத்தத்துக்குப் பிறகு 2002-ல் ஏ9 சாலை திறந்தபோது, ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனவர் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்ப வேண்டியிருந்தது. தனி மண்டலமாக அது பதிவேட்டில் இல்லை. இலங்கைக்கு ‘ஏசியா/கொழும்பு’ ஒன்றுதான். ஆனால் எண்களுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பில் வன்னியின் அந்த அரை மணி பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் பிறந்த ஒரு குழந்தையின் பிறந்த நேரத்தைப் பார்க்கிறவர் எந்தக் கணக்கில் பார்க்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

பிறந்த நேரம் என்றதும் சோதிடம் நினைவுக்கு வரும். அதற்கும் இந்தப் பதிவேட்டுக்கும் ஒரு பெரிய வழக்கே உண்டு. கணினிக்காரர்களுக்கு முன்னால் பழைய நேரங்களைத் தேடித் தொகுத்தவர்களில் முக்கியமானவர்கள் மேற்கத்திய சோதிடர்கள். லக்னம் கணிக்க நிமிஷம் பிசகக் கூடாது; ஆகவே எந்த ஊரில் எப்போது கடிகாரம் மாறியது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியக் கடிகாரம் ஆறரைக்குத் தள்ளப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் ஜாதகத்துக்கு ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும் என்பது விவரம் தெரிந்த சோதிடர்களுக்குத் தெரியும். தாமஸ் ஷாங்ஸ் என்பவர் சோதிடர்களுக்காகத் தொகுத்த நேர அட்டவணை நூல்களை இந்தப் பதிவேடும் பழைய தேதிகளுக்குப் பயன்படுத்தியது. அந்த நூலின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம் 2011 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்க நீதிமன்றத்தில் ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. நிறுவனத்தின் மீது அல்ல, இரண்டு தனி மனிதர்கள் மீது. ஊதியம் வாங்காமல் ஊருக்கு உழைத்ததற்குக் கிடைத்த பரிசு.

அக்டோபர் 6-ஆம் தேதி பதிவேட்டை வைத்திருந்த கணினியை மூடினார்கள். உலகத்தின் நேர மூலமே அன்றைக்கு நின்றுபோனது. இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒரு வாரத்தில், 14-ஆம் தேதி, பொறுப்பை எடுத்துக்கொண்டது. மின்னணு எல்லை அறக்கட்டளை வழக்காட முன்வந்தது. ஒரு தேதியில் ஓர் ஊர் கடிகாரத்தைத் திருப்பியது என்பது உண்மைத் தகவல். உண்மைத் தகவலுக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது என்பது அமெரிக்கச் சட்டத்தில் 1991-லேயே தீர்ந்த விஷயம். 2012 பிப்ரவரியில் அந்த நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்று, மன்னிப்பும் கேட்டது. தரவு பொதுச் சொத்தாக அப்படியே இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே இருக்கிற மாணவர்களுக்காகக் கொஞ்சம் தொழில் பேசிவிடுகிறேன். யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. எண்ணிக்கை காணாமல் போய்ச் சுழியம் ஆகிவிட்டால் நம் ஊரில் காலை 5:30 என்று காட்டும். தேதி தொலைத்த கைபேசிப் படங்களில் ‘1 ஜனவரி 1970, 5:30’ என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். பழைய 32 பிட் கணக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு நிறைந்துவிடும். அதற்கு வழி தெரியும், வேலை நடக்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி.

நடந்து முடிந்ததைக் கிரீன்விச் கணக்கில் சேமியுங்கள், அது மாறாது. நடக்கப்போவதை அப்படிச் சேமிக்காதீர்கள். டொரன்டோவில் இரண்டு வருஷம் கழித்து, நவம்பர் கடைசியில், காலை 9 மணிக்கு ஒரு கல்யாண முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விதிப்படி அதைக் கிரீன்விச் நேரமாக மாற்றிச் சேமித்துவிட்டீர்கள். ஒன்டாரியோ மாகாணம் 2020-லேயே கடிகாரத்தைத் திருப்பும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிவிட்டு, நியூயார்க்கும் கியூபெக்கும் உடன் வருவதற்காகக் காத்திருக்கிறது. நாளைக்கே அவர்கள் தலையாட்டிவிட்டால் உங்கள் நிரல் அந்தக் கல்யாணத்தைப் பத்து மணிக்குக் காட்டும். மண்டபத்துக்காரர் ஒன்பது மணிக்கே கதவைத் திறந்திருப்பார். ஊரின் நேரத்தையும் ஊரின் பெயரையும் அப்படியே சேமித்துவைத்து, நாள் நெருங்கும்போது பதிவேட்டைக் கேட்பதுதான் முறை. சென்னையில் இருந்துகொண்டு எழுதும்போது இது மறந்துபோகும். பதிவேட்டின்படி நம் கடிகாரம் 1945 அக்டோபருக்குப் பிறகு அசையவே இல்லை. ஆனால் நாம் எழுதுகிற நிரல்கள் எங்கெங்கோ போய் ஓடுகின்றன.

இந்தப் பதிவேட்டுக்குள்ளும் சண்டை உண்டு. 1970-க்குப் பிறகு ஒரே மாதிரி ஓடிய ஊர்களைத் தனித்தனி மண்டலமாக வைக்க வேண்டாம் என்பது எக்கர்ட்டின் நிலைப்பாடு. அதன்படி 2022-ல் ஆஸ்லோவும் ஸ்டாக்ஹோமும் பெர்லினோடு இணைக்கப்பட்டன. நார்வேயைப் போர்க் காலத்தில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்தது. ஆஸ்லோவின் பழைய நேரத்தைக் கேட்டால் பெர்லின் நேரத்தைச் சொல்வதா என்று பலர் கொதித்தார்கள். என் மனம் அவர்கள் பக்கம். நீக்கிய பழைய வரிகள் தனிக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வழக்கமாக விநியோகமாகும் கோப்பில் இல்லாததை யார் தேடிப் போவார்கள்? ஓர் ஊரின் கடிகாரம் அந்த ஊரின் வரலாறு. சிங்கப்பூர்க்காரர்களைக் கேளுங்கள்: ஜப்பானியர் பிடித்திருந்த காலத்தில் டோக்கியோ நேரம் ஓடியது; 1981-ஆம் வருஷக் கடைசி இரவில் மலேசியாவோடு சேர்ந்து எட்டு மணிக் கணக்குக்கு மாறியபோது, பதினொன்றரை அடித்த கையோடு புத்தாண்டு பிறந்துவிட்டது. ‘ஏசியா/சிங்கப்பூர்’ என்ற தலைப்பில் அது எல்லாம் வரிவரியாக இருக்கிறது. கொழும்புக்கும் 1880-லிருந்து இருக்கிறது.

நம் பக்கத்தில் அப்படி வரி இல்லாத ஊர்களும் உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அந்த ஊர்களுக்கென்று பதிவேட்டில் தனி மண்டலம் கிடையாது. 1970 விதிப்படி முதன்மைக் கோப்பில் இடம் கிடைக்காது. ஆனால் எண்களுக்குப் பக்கத்தில் குறிப்பாக எழுத இடம் இருக்கிறது, ஆதாரம் வேண்டும். மெட்ராஸ் ராஜதானி 1906-ல் பொது நேரத்துக்கு மாறியபோது எல்லைக்கு அந்தப் பக்கம் கடிகாரம் என்ன காட்டியது என்பதற்கு அந்த ஊர் அரசிதழின் ஒரு பக்கம் போதும், தேதியோடு. பழைய பிரெஞ்சு அரசிதழ்களோ, விழுப்புரம்–புதுச்சேரி ரயிலின் பழைய கால அட்டவணையோ வீட்டிலோ நூலகத்திலோ பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அனுப்ப வேண்டிய முகவரி ஆசியக் கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. தமிழ்ப் பக்கமானாலும் பிரெஞ்சுப் பக்கமானாலும் அனுப்பலாம். என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள்.